குழந்தைப் பருமன்: பள்ளி வாசலுக்கு அப்பால்

உடல் பருமன் வசதி படைத்த வீட்டுக் குழந்தைகளின் சிக்கல், ஊட்டச்சத்துக் குறைவு ஏழை வீட்டுக் குழந்தைகளின் சிக்கல் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் இந்தியாவில் இன்னும் மாறவில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருப்பதாகக் கூறும் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வே (2019-21), மிகை எடையுள்ளோரின் பங்கு முந்தைய ஆய்வின் 2.1 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆக உயர்ந்திருப்பதையும் பதிவு செய்கிறது. இரண்டு குறைகளும் பெரிதும் ஒரே வேரில் கிளைப்பவை.

புணே மருத்துவர் யாஜ்னிக்கின் குழுவினர், அப்பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, சராசரியாகச் சுமார் 2.7 கிலோ எடையே இருந்த புணே குழந்தைகளின் தசை சிறுத்திருந்தபோதும் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையாததைக் கண்டனர். கருவில் போதிய ஊட்டம் பெறாமல் இவ்வாறு பிறக்கும் குழந்தை, வளரும்போது தேவைக்கு மிஞ்சிய உணவை உண்ணுமானால் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் எளிதில் இலக்காகிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை குறியெண் இத்தகைய கொழுப்பை முழுமையாகக் காட்டாது என்பதால், எடை கூடும்வரை காத்திராமல் தடுப்பு முயற்சி கருவுற்ற தாயின் உணவிலிருந்தே தொடங்கியாக வேண்டும்.

அடுத்த களம் கடைவீதி. சேர்க்கப்படும் சர்க்கரை அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 5 விழுக்காட்டுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. நாளொன்றுக்கு 1,600 கிலோ கலோரி தேவைப்படும் சிறுவனுக்கு இவை முறையே 40, 20 கிராம் ஆகும். 250 மில்லி கோலாவில் மட்டுமே ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை உண்டு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதன் வாசலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. ஆயினும் அந்த எல்லையைக் கடந்ததும் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் சிப்ஸ் பொட்டலங்களையும், கைப்பேசித் திரையில் வரும் விளம்பரங்களையும் இவ்விதிகள் தொடுவதில்லை.

சிலி நாடு 2016இல் இதைவிட நெடுந்தூரம் சென்றது. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் ஏதேனும் வரம்பு மீறிய பொட்டலத்தின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கி, அவற்றைப் பள்ளிகளில் விற்பதற்குத் தடை விதித்து, சிறுவரை ஈர்க்கும் கார்ட்டூன் உருவங்களையும் அவற்றிலிருந்து அகற்றியது. முதல் ஒன்றரை ஆண்டில் அந்நாட்டில் சர்க்கரை மிகுந்த பானங்கள் வாங்கப்பட்ட அளவு ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. இந்தியாவில் 2022இல் உணவுப் பொட்டலங்களுக்காக முன்வைக்கப்பட்ட நட்சத்திர மதிப்பீட்டு வரைவோ, நார்ச்சத்துக்கும் புரதத்துக்கும் கிடைக்கும் மதிப்பெண்ணால் சர்க்கரையின் தீங்கை ஈடுகட்ட இடமளித்தது.

குழந்தைகளுக்கு நாள்தோறும் 60 நிமிட உடலுழைப்பு தேவை என்று அறிவுறுத்திக்கொண்டே, தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடும் பள்ளிகளும், எச்சரிக்கை முத்திரையைத் தள்ளிப்போடும் அரசும் இருக்கும்வரை, குழந்தையின் நாவடக்கத்தையும் தாயின் கண்டிப்பையும் மட்டும் குறைகூறுவதில் நியாயமில்லை.