நேப்பிள்ஸ் கடைக்கு ஏன் 'லண்டன் ஹவுஸ்' என்று பெயர்?

கோட்டு சூட்டு பற்றிப் பேச்சு எடுத்தாலே நம்ம ஆட்கள் ரஜினி கட்சி, கமல் கட்சி மாதிரி இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். இங்கிலாந்து சூட் என்றால் விறைப்பு, இத்தாலி சூட் என்றால் ஸ்டைல். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. என்னைக் கேட்டால் இந்தச் சண்டையே பாதி தப்பான தகவலின் மேல்தான் நடக்கிறது.

முதலில் லண்டன். மேஃபேர் பகுதியில் சாவில் ரோ என்று ஒரு தெரு. தையல் கடைகளுக்குப் பேர் போனது. ஹென்றி பூல் கடை 1846-லேயே அங்கே வந்துவிட்டது. இந்தத் தெருவின் பல கடைகள் ராணுவ, கடற்படை அதிகாரிகளுக்கு யூனிஃபார்ம் தைத்தவை. யூனிஃபார்மின் வேலை என்ன? உள்ளே இருப்பவர் ஒல்லியோ குண்டோ, வெளியே அதிகாரி மாதிரித் தெரிய வேண்டும். அதனால் தோளில் பஞ்சு, மார்பில் குதிரை முடி கலந்த கேன்வாஸ், இடுப்பில் பிடிப்பு. துணியும் நல்ல கனம். குளிரும் தூறலுமான ஊருக்கு அது சரிதானே? கனத் துணி தன் எடையிலேயே நேராக விழும். கசங்கினாலும் ஒரு ராத்திரி தொங்கவிட்டால் தெளிந்துவிடும்.

இதோடு கதை முடிந்திருந்தால் 'விறைப்பு' கட்சி ஜெயித்திருக்கும். ஆனால் இதே லண்டனில் ஃபிரெடரிக் ஷோல்ட்டே என்று ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். பிறப்பால் நெதர்லாந்துக்காரர். ராணுவ அதிகாரிகளின் ஓவர்கோட்டில் பெல்ட்டை இறுக்கும்போது மார்புப் பக்கம் துணி மடிந்து விழும் அழகு இவர் கண்ணில் பட்டது. மார்பிலும் முதுகிலும் வேண்டுமென்றே கொஞ்சம் துணியைக் கூடுதலாக விட்டார், தோள் பஞ்சைக் குறைத்தார், கைக்குழியைச் சின்னதாக்கினார். இதுதான் 'டிரேப் கட்'. அவருடைய பெரிய வாடிக்கையாளர், 1936-ல் முடி துறந்தாரே அந்த எட்டாம் எட்வர்ட். (மனிதர் கோட்டை மட்டும் லண்டனில் தைத்துக்கொண்டு, பேண்ட்டை நியூயார்க்கில் தைத்துக்கொண்டவர். ராஜாவாக இருந்தால் எதுவும் செய்யலாம் போல!)

இப்போது நேப்பிள்ஸ் போவோம். 1930-களில் ஜென்னாரோ ரூபினாச்சி என்பவர் அங்கே தொடங்கிய கடையின் பெயர் 'லண்டன் ஹவுஸ்'. ஆமாம், இத்தாலி சூட்டின் கோயில் என்று சொல்லப்படும் கடைக்கு லண்டன் பெயர்! அன்றைய நேப்பிள்ஸ் கனவான்களுக்கு ஆங்கிலேயர் மாதிரி உடுத்துவதுதான் நாகரிகம். அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த வின்சென்சோ அட்டோலினி, அந்த ஊர் வெயிலுக்கு ஏற்றபடி பஞ்சையும் லைனிங்கையும் பிடுங்கிப் போட்டார். கோட்டின் கையை சட்டைக் கை மாதிரியே சின்னச் சின்னச் சுருக்கத்தோடு தோளில் இணைப்பது நேப்பிள்ஸ் முத்திரை. அதை 'சட்டைத் தோள்' என்றே அங்கே சொல்கிறார்கள். மார்புப் பாக்கெட்டைக்கூட நேராக வெட்டாமல் குட்டிப் படகு மாதிரி வளைத்துவிடுவார்கள்.

ஆக, லண்டன் நாகரிகத்துக்கு நேப்பிள்ஸ் எழுதிய பதில்தான் இந்தக் கோட்டு. எதிரிக் கட்சி எல்லாம் கிடையாது.

தவிர, இத்தாலி என்பது நேப்பிள்ஸ் மட்டுமா? 1945-ல் ரோமில் தொடங்கிய பிரியோனி கடையின் தோள் நல்ல நேரான தோள். இதற்கு ஜேம்ஸ் பாண்ட் படங்களே சாட்சி. 1962-ல் 'டாக்டர் நோ' படத்தில் ஷான் கானரி போட்டது லண்டன் தையல்காரர் ஆண்டனி சின்க்ளேர் தைத்தது. தோள் மென்மையாக, இயல்பாக இருக்கும். 1995-ல் 'கோல்டன் ஐ' படத்தில் பியர்ஸ் பிராஸ்னன் போட்டது பிரியோனி. தோள் விறைப்பாக நிற்கும். ஆங்கில சூட் மென்மை, இத்தாலி சூட் விறைப்பு! இப்போது கட்சிக்காரர்கள் என்ன சொல்வார்கள்?

எனக்கு நேப்பிள்ஸ்தான் பிடிக்கும், மறைக்கவில்லை. வெயில் அடிக்கும் ஊரில் உடம்போடு ஒட்டிப் போகும் மெல்லிய கோட்டு போதும். ஆனால் அது உடம்பை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். தோள் சரிந்தவர்களுக்கு லண்டன் பஞ்சு ஒரு வரப்பிரசாதம். துக்க வீட்டுக்கோ கோர்ட்டுக்கோ போகும் கறுப்புச் சூட்டில் அந்தச் சுருக்கத் தோள் எனக்கே பொருந்தாததாகத் தோன்றுகிறது.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறு. இந்த நாட்டுச் சண்டையில் லாபம் பார்ப்பது லேபிள் ஒட்டுபவர்கள். உள்ளே கேன்வாஸைக் கையால் தைக்காமல், பசைத் துணியை வைத்துச் சூடாக அழுத்தி ஒட்டிவிட்டு, மேலே 'இத்தாலியன் ஸ்டைல்' என்று போட்டுவிடுகிறார்கள். சில டிரை கிளீனிங்குக்குப் பிறகு மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். 2008-ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், மெஷினில் தைக்கும் சூட்டையும் 'பெஸ்போக்' என்று விளம்பரப்படுத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னது. சாவில் ரோ சங்கமோ ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்று வரையறை வைத்திருக்கிறது. என் பார்வையில் அந்தத் தீர்ப்பு தப்பு. வாங்குபவன் கோட்டைப் பிரித்துப் பார்க்க முடியாது, அந்த வார்த்தையை நம்பித்தான் காசு கொடுக்கிறான்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கோட்டு வாங்கப் போகிறவர்கள் லேபிளை விட்டுவிடுங்கள். போட்டுக்கொண்டு கையைத் தூக்குங்கள். கோட்டு முழுவதும் காதுவரை ஏறினால் கைக்குழி பெரிசு, பல உடம்புக்கும் பொதுவாக வெட்டியது என்று அர்த்தம். அப்புறம் கீழ்ப் பட்டன் பக்கத்தில் முன் துணியையும் உள் துணியையும் விரலால் கிள்ளி விலக்கிப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் உள்ளே கேன்வாஸ் இருக்கிறது. நழுவாமல் முன் துணி அட்டை மாதிரி இருந்தால் பசை.