துருவுக்கு யார் பொறுப்பு?

நம்ம பக்கம் ஒரு லோடு வண்டி துருப்பிடிச்சுப் போனா ரெண்டு பதில்தான் வரும். டீக்கடையில கேட்டா, "இப்ப வர்ற தகரமெல்லாம் அப்பளம்ப்பா, அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா" என்பார்கள். ஷோரூம்ல கேட்டா, "கடக்கரைக் காத்து சார், அதுல உரம் வேற ஏத்துறீங்க, நாங்க என்ன பண்றது" என்பார்கள். ரெண்டு பதிலும் வண்டி செஞ்சவனைச் சுலபமா தப்பிக்க விடுது. அதுதான் எனக்குக் கோபம்.

முதல்ல டீக்கடைப் பதிலைப் பார்ப்போம். மண்வெட்டி என்ன அப்பளமா? கலப்பைக் கொழு அப்பளமா? மழையில ஒரு வாரம் வெளிய கிடந்தா அதுவும் செவசெவன்னு துருப்பிடிக்கத்தான் செய்யுது. தகடு கனமா இருந்தா ஓட்டை விழ நாள் ஆகும், அவ்வளவுதான். இன்னிக்குக் கதவுக்கும் மட்கார்டுக்கும் போடுற தகடு முக்கால் மில்லிக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். மெல்லிசு உண்மைதான். மெல்லிசா போட்டவன் அதுக்குப் பாதுகாப்பை ரெண்டு மடங்கு செய்யணும். நாம கேட்க வேண்டிய கேள்வி அது.

பாதுகாப்புன்னா என்ன? விவசாயிக்கு இது புரியாத விஷயம் இல்ல. நெல்லு இலை செம்புள்ளி விழுந்து நின்னா ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடுறோமே, அதே ஜிங்க்தான். தமிழ்ல துத்தநாகம். ஜி.ஐ. பைப், ஜி.ஐ. வாளி, வேலிக்கு இழுக்குற ஜி.ஐ. கம்பி எல்லாம் இரும்பு மேல துத்தநாகம் பூசினதுதான். ரெண்டும் ஒட்டி இருக்குற இடத்துல ஈரம் பட்டா துத்தநாகம் முதல்ல கரையும், இரும்பு தப்பிக்கும். அண்ணனுக்கு வர்ற அடியைத் தம்பி வாங்கிக்கிற மாதிரி. மேல பெயிண்ட்ல கீறல் விழுந்தாலும் அந்தத் தம்பி இருக்குற வரைக்கும் உள்ள இரும்பை லேசுல துரு தொடாது. வண்டித் தகட்டுல இந்தப் பூச்சு ஒரு பக்கத்துக்கு ஏழு, பத்து மைக்ரான் இருந்தாலே பெரிய காவல். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தாத்தான் ஒரு மில்லி.

அதுக்கு மேல இன்னும் ரெண்டு காவல் உண்டு. வண்டிக் கூட்டை முழுசா கழுவி, பாஸ்பேட் பூச்சு ஏத்தி, பிறகு பெயிண்ட் தொட்டியில அப்படியே முக்கிக் கரண்ட் கொடுப்பாங்க. துப்பாக்கியால அடிச்சா போகாத இடுக்குலயும் பெயிண்ட் தானா போய் ஒட்டிக்கும். 20 மைக்ரான் அளவுக்குப் படிஞ்சதும் அடுப்புல சுட்டெடுப்பாங்க. கடைசியா, கதவுக்கு உள்பக்கம், படிக்குக் கீழ இருக்குற மூடின பெட்டி மாதிரியான இடங்கள்ல மெழுகு அடிப்பாங்க. நாம கண்ணால பார்க்குற கலர் பெயிண்ட் இதுக்கெல்லாம் மேல போடுற சட்டை.

இதெல்லாம் நேத்து கண்டுபிடிச்சதில்ல. முக்கிக் கரண்ட் கொடுக்குற இந்த முறை 1960களிலேயே கார் தொழிலுக்கு வந்திருச்சு. ஜெர்மனியில போர்ஷே கம்பெனி 911 காரோட 1976 மாடலுக்கே துத்தநாகத் தகடு போட்டு, துருவுக்கு ஆறு வருஷம் உத்தரவாதம் கொடுத்துச்சு. ஆடி கம்பெனி 1986ல வந்த 80 மாடலுக்கு முழுக் கூட்டையுமே துத்தநாகம் பூசின தகட்டுல செஞ்சுச்சு. அங்க பனியைக் கரைக்க ரோட்டுலயே உப்பைக் கொட்டுவாங்க. அந்த உப்புலயே நிக்குற மாதிரி வண்டி செய்யத் தெரியும்போது, நம்ம வேதாரண்யம் உப்பளக் காத்து மட்டும் எப்படிச் சாக்கு ஆகும்?

"இரும்பே வேணாம், பைபர்ல, அலுமினியத்துல செஞ்சா தீர்ந்துச்சு" என்று சிலர் சொல்கிறார்கள். இதையும் உலகம் பார்த்தாச்சு. இங்கிலாந்துல விவசாயிக்குன்னே 1948ல வந்த லேண்ட் ரோவருக்கு அலுமினியத்துல மேல்கூடு போட்டாங்க. போருக்கு அப்புறம் இரும்புத் தகடு தட்டுப்பாடு, அதனால. மேல்கூடு துருப்பிடிக்கல. கீழ இருந்த இரும்பு சேசிஸ் துருப்பிடிச்சுது, அலுமினியமும் இரும்பும் சேருற இடத்துல அலுமினியமும் அரிச்சுது. கிழக்கு ஜெர்மனியோட டிராபண்ட் காருக்குப் பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தின தகடு. தகடு அப்படியே இருக்கும், உள்ள இருக்குற இரும்பு எலும்புக்கூடு துருப்பிடிச்சுப் போகும். எந்தப் பொருள்ல சட்டை போட்டாலும் எலும்புக்குக் காவல் இல்லேன்னா பிரயோஜனம் இல்ல.

இப்ப ஷோரூம்காரர் பதிலுக்கு வருவோம். எங்கிட்ட முன்ன இருந்த லோடு வண்டியில நாலாவது வருஷம் கதவோட அடிப்பக்கத்துல விரல் நுழையுற ஓட்டை. வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கு, உள்ளேயிருந்து தின்னுட்டு வந்திருக்கு. வாரண்டி புத்தகத்தைப் பிரிச்சா உப்பு, உரம், ரசாயனம் பட்ட சேதத்துக்குப் பொறுப்பில்லைன்னு பொடி எழுத்து. லோடு வண்டின்னு பேரு வச்சு வித்துட்டு உரம் ஏத்தாதேன்னா, தினமும் மல்லிப்பூவா ஏத்துவோம்? நாம வயலுக்குப் போடுற பொட்டாஷ் பொட்டாசியம் குளோரைடு, கல்லுப்போட பங்காளி. அதை ஏத்துவோம்னு வண்டியை வரையும்போதே தெரியாதா?

"நீங்க கழுவணும்" என்பார்கள். கழுவுறோம். மூடின பெட்டிக்கு உள்ள எந்தக் குழாயை விட்டுக் கழுவுறது? இன்னும் ஒரு கூத்து: வண்டி எடுக்கும்போதே "ஆன்டி ரஸ்ட் கோட்டிங் தனியா இருக்கு சார், போட்டுக்கிறீங்களா" என்று கூடுதலா பில் போடுறாங்க. அது அவசியம்னா பேக்டரியிலேயே அடிச்சுக் கொடு. அவசியம் இல்லேன்னா எதுக்கு விக்கிறே? ஈரமும் சேறும் இருக்குற அடிப்பாகத்துல மேலாக்க அடிச்சா தண்ணி உள்ளேயே தங்கி இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

இது அழகுப் பிரச்சினை இல்ல, பணமும் உயிரும். கடன் தவணை முடியுறதுக்கு முன்னாடியே டிங்கரிங் செலவு ஆரம்பிக்குது. லோடு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம் எப்.சி. காட்டணும். அப்பெல்லாம் ஓட்டையில தகரத்தை வச்சு வெல்டிங் அடிச்சு, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சு மறைக்கிறோம். உள்ள எலும்பு எவ்வளவு செத்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? 2023லேருந்து பாரத் என்கேப் என்று காரை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்குறாங்க. நல்ல காரியம். ஆனா மோதுறது புது வண்டி. பத்து வருஷம் துருப்பிடிச்ச பிறகு அந்த நட்சத்திரத்துல எத்தனை மிச்சம்? அதுவும் காருக்குத்தான். குடும்பத்தோட நாத்துக்கட்டு ஏத்திட்டுப் போற லோடு வண்டிக்கு அந்த நட்சத்திரமும் கிடையாது.

கேட்டா நடக்குமான்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல டொயோட்டாவோட டகோமா வகை வண்டிகள்ல சேசிஸ் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துச்சுன்னு வாங்கினவங்க வழக்குப் போட்டாங்க. 2016ல கம்பெனி தன் தப்புன்னு ஒத்துக்காமலே சமாதானத்துக்கு வந்துச்சு. ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளைச் சோதிச்சு, கெட்டுப்போன சேசிஸை மாத்திக் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. அங்கேயும் ரோட்டுல உப்பு இருந்துச்சு. "உப்பு மேல வண்டி ஓட்டினது உன் தப்பு" என்ற பேச்சு எடுபடல.

நான் கேட்குறது மூணுதான். எந்தெந்தத் தகடு துத்தநாகம் பூசினதுன்னு நோட்டீஸ்ல மைலேஜுக்குப் பக்கத்துல அச்சடிக்கணும். துரு அரிச்சு ஓட்டை விழுந்தா எத்தனை வருஷம் பொறுப்புன்னு பெரிய எழுத்துல போடணும். உரமும் கடக்கரையும் லோடு வண்டியோட சாதாரண வாழ்க்கைன்னு ஏத்துக்கிட்டு, அந்த விலக்கைப் புத்தகத்துலேருந்து எடுக்கணும்.

அது வரைக்கும் நம்ம பங்கையும் செய்வோம். உரமோ உப்போ இறக்கினா அன்னிக்கே அடிப்பாகத்துக்குத் தண்ணி அடிங்க. கதவுக்கு அடியில தண்ணி வடியுற சின்ன ஓட்டைகள் சேத்துல அடைச்சிருந்தா குச்சி விட்டுக் குத்திவிடுங்க. ஈரத் தார்ப்பாயைத் தொட்டியிலேயே சுருட்டி வைக்காதீங்க.

அடுத்து வண்டி எடுக்கப் போறவங்க, சேல்ஸ் தம்பி கலரும் டேப்பும் காட்டும்போது ஒரே கேள்வி கேளுங்க: "கதவுக்கு உள்பக்கம் என்ன பூசியிருக்கு? எழுதிக் கொடுப்பீங்களா?" அந்தத் தம்பிக்குத் தெரியாது, மேனேஜர்கிட்ட ஓடுவான். ஊருக்குப் பத்துப் பேர் கேட்டா மேனேஜரும் மேல ஓடித்தான் ஆகணும். கேட்காம கையெழுத்துப் போட்டா, தவணை கட்டி முடிக்கிற மாசமே வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்.