பெட்டி வந்துவிட்டது, வாத்தியார் எங்கே?

ஹைதராபாத் அமீர்பேட்டையில் மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு ஒரு தனிப் பெயர் உண்டு. வேலை தேடும் பட்டதாரிகள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அங்கே வந்து, ஒரே அறையில் நாலு பேராகப் படுத்து, ஜாவாவும் ஆரக்கிளும் கற்றுக்கொண்டு போனார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அது வயிற்றுப் பிழைப்புக்கான படிப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அமீர்பேட்டையின் அந்த அவசரம் இப்போது ஆறு வயதுக் குழந்தையின் புத்தகப் பைக்குள்ளும் புகுந்துவிட்டது.

பத்மாராவ் நகர், மல்காஜ்கிரி, லாலாகுடா என்று தமிழர்கள் வசிக்கும் எந்தப் பகுதிக்குப் போனாலும், அடுக்குமாடி வீடுகளின் வாசலில் குழந்தைகளுக்கான ரோபோ வகுப்பு, கோடிங் வகுப்பு விளம்பரம் தொங்குகிறது. கட்டணத்தைக் கேட்டால் மாதச் சம்பளக்காரருக்கு மூச்சு நிற்கிறது. "பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறான், நம் பிள்ளை மட்டும் பின்தங்கலாமா?" என்ற ஒரே கேள்வியில் வாய் அடைத்துப்போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறார். அதற்காக எந்தச் செலவைக் குறைப்பது, எந்த வகுப்பை நிறுத்துவது என்று யோசிக்கும்போது, பெரும்பாலும் முதலில் நிற்பது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு.

இந்தப் பயத்தை யார் வளர்த்தார்கள் என்பது ரகசியமல்ல. 2020ஆம் ஆண்டில், சிறுவர்களுக்கு இணையம் வழியாக கோடிங் கற்றுத்தந்த ஒரு நிறுவனம், பள்ளிப் பருவத்திலேயே ஒரு பையனுக்குக் கோடிக்கணக்கில் சம்பளத்தோடு வேலை கிடைத்ததாக விளம்பரம் செய்தது. விசாரித்துப் பார்த்தால், அப்படி ஒரு பையனே இல்லை, கற்பனைப் பாத்திரம்! விளம்பரத் தரக் கவுன்சில் அந்த நிறுவனத்தின் ஐந்து விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டில் அந்த நிறுவனம் 30 கோடி டாலருக்கு விலைபோனது. வாங்கிய பெரிய நிறுவனம் 2024இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. கற்பனைப் பையனை நம்பிப் பணம் கட்டிய நிஜப் பெற்றோர்கள் எத்தனை பேரோ!

அப்படியானால் குழந்தைகளுக்கு இந்த வித்தையே வேண்டாமா? அவசியம் வேண்டும். ஆனால் அது என்ன வித்தை என்று முதலில் தெரிந்துகொண்டால், விளம்பரப் பலகையைப் பார்த்து நடுங்க வேண்டியிராது.

கோலமும் ஆமையும்

1967இல் அமெரிக்காவில் செய்மோர் பேப்பர்ட் என்ற கணித நிபுணரும் அவருடைய சகாக்களும் குழந்தைகளுக்காகவே லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். அதில் ஓர் ஆமை உண்டு. முதலில் தரையில் ஊர்ந்த யந்திர ஆமை. பிறகு திரையில் ஊர்ந்த ஆமை. நூறு அடி முன்னே போ, வலது பக்கம் 90 பாகை திரும்பு, இதையே நாலு தரம் செய் என்றால் அது சதுரம் போடும். ஐந்து மூலை வேண்டுமானால் எவ்வளவு திரும்ப வேண்டும்? குழந்தை முதலில் தப்பாகச் சொல்லும். ஆமை எங்கேயோ போய் நிற்கும். மாற்றிச் சொல்லும். கடைசியில் 72 என்று கண்டுபிடிக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு 360 பாகை என்பதை வாத்தியார் சொல்லாமலே அது தெரிந்துகொண்டுவிடும். தப்பு செய்வது அவமானமில்லை, திருத்தினால் போதும் என்பதே அந்த வகுப்பின் முதல் பாடம்.

தமிழ் வீட்டுக் குழந்தைக்கு இது புதிதல்ல. மார்கழியில் தமிழ்ப் பத்திரிகைகள் கோலத்துக்குக் கீழே ஒரு வரி போடுமே, "இடுக்குப் புள்ளி, 7 முதல் 4 வரை" என்று, அந்த ஒரு வரி ஒரு புரோகிராம். அதைப் படித்த பாட்டி நடு வரிசையில் ஏழு புள்ளி வைத்து, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நாலு என்று குறைத்துக்கொண்டே போகிறாள். மொத்தம் 37 புள்ளி. யாரும் 37 என்று சொல்லவில்லை. விதியைச் சொன்னார்கள், புள்ளிகள் தாமாக வந்தன. இது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களைக் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் இலக்கண விதிகளில் அடக்கிக் காட்டி 1974இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். வெளிநாட்டு நிபுணர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பத்மாராவ் நகர் வாசலில் கோலமாவோடு குனிந்திருக்கும் பாட்டியைத் தாண்டித்தான் குழந்தை கோடிங் வகுப்புக்கு ஓடுகிறது.

செகந்திராபாத்தில் ரயிலைச் சொல்லாமல் எதையும் விளக்க முடியாது. வெயிட்டிங் லிஸ்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் டிக்கெட்டை ரத்து செய்கிறார். ஆர்.ஏ.சி.யில் முதலாவதாக இருப்பவருக்குப் படுக்கை கிடைக்கிறது. அவர் இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்டின் முதல் ஆள் ஏறுகிறார். பின்னால் உள்ளவர்கள் எல்லோரும் ஒரு படி முன்னேறுகிறார்கள். ஒரு காலத்தில் இதைப் பெரிய ரிஜிஸ்தர்களில் கையால் எழுதிச் செய்தார்கள். அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யும் கான்சர்ட் என்ற புரோகிராம் 1994இல் முதன்முதலில் அமலுக்கு வந்தது இதே செகந்திராபாத்தில்தான். பத்து நாற்காலியையும் பதினைந்து பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இதை ஒரு வகுப்பில் ஆடிக் காட்டிவிடலாம். கம்ப்யூட்டர்கூட வேண்டாம்.

ரோபோ என்றால் கையும் காலும் முளைத்த யந்திர மனிதன் என்றே பலரும் நினைக்கிறார்கள். 2022 மார்ச் 4ஆம் தேதி செகந்திராபாத் கோட்டத்தில் குல்லகுடாவுக்கும் சிட்டிகிட்டாவுக்கும் நடுவே, ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்களை எதிரெதிராக விட்டுச் சோதித்தார்கள். ரயில்வே மந்திரியே ஒன்றில் ஏறியிருந்தார். 380 மீட்டர் தூரம் இருக்கும்போதே அந்த ரயில் தானாக நின்றது. கவச் என்ற அந்த ஏற்பாட்டில், தண்டவாளத்தில் பதித்த அடையாளச் சில்லுகளை எஞ்சின் படித்துக்கொண்டே வருகிறது. ரேடியோ மூலம் ஸ்டேஷனோடு பேசுகிறது. டிரைவர் பிரேக் போடாவிட்டால் தானே போடுகிறது. கைகால் இல்லாத ரோபோ என்று அதைச் சொல்லலாம். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பொம்மைப் பெட்டியில் கிடைக்கும்?

பழைய பாடம்

ஆக, விஷயம் நல்லது. எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் இந்த நாடு ஒருமுறை சறுக்கியிருக்கிறது. 1984-85இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர்களை அனுப்பியது. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட மெஷின், அன்றைக்கு அதிசயம். பிரிட்டனில் அந்த மெஷினோடு தொலைக்காட்சிப் பாடங்களும் கூடவே வந்தன. இங்கே மெஷின் வந்தது. வேறு பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி தரப்பட்டது. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பரீட்சையில் இடமில்லை. மெஷின் கெட்டுப்போனால் பழுது பார்க்க ஆள் வருவதற்குள் பருவம் முடிந்தது. பின்னால் திட்டம் பல பள்ளிகளுக்கு விரிந்தும், எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

இப்போது அடல் சிந்தனைக் கூடங்கள். 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ், தேர்ந்தெடுத்த பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. சுமார் 10,000 பள்ளிகளில் கூடங்கள் அமைந்துவிட்டன. இன்னும் 50,000 கூடங்கள் ஐந்து ஆண்டுகளில் அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். முப்பரிமாண அச்சு யந்திரம், சென்சார், மோட்டார் எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் ஆசிரியர் பதவி ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. இருக்கிற சயன்ஸ் ஆசிரியரே கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து தொண்டர்கள் வந்து உதவுவார்கள். அவருக்கு எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும், விடைத்தாளும், தேர்தல் வேலையும், கணக்கெடுப்பும் இருக்கின்றன. மாலை நாலரைக்கு மேல் அவர் கூடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே கோடிங் வேண்டும் என்று எழுதியாகிவிட்டது. எழுதுவது சுலபம்.

முடியாத காரியமும் அல்ல இது. பக்கத்தில் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே 2001இல் தொடங்கிய ஐ.டி. ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களைத்தான் தயார் செய்தது. கணக்கு வாத்தியாரும் சமூகவியல் டீச்சரும் கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டக் கற்றார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாத சுதந்திர மென்பொருளையே பயன்படுத்தினார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த வேலை நடந்த பிறகுதான், 2025 ஜூனில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 4.3 லட்சம் பேருக்கும் ரோபோ பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். 29,000 ரோபோப் பெட்டிகளும் பள்ளிகளுக்குப் போயின. அங்கே கூலிக்காரர் மகளுக்குக் கிடைப்பது, ஹைதராபாத்தில் கட்டணம் கட்ட முடிந்தவர் மகளுக்குத்தான் கிடைக்கிறது. ஹைடெக் சிட்டியை வைத்துக்கொண்டு பெருமை பேசும் நகரத்துக்கு இது பெருமையா?

பாஷைப் பிரச்சினையும் இருக்கிறது. இங்குள்ள தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் தக்கணி உருதும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிறது. 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி தெலங்கானாவில் தெலுங்கும் கட்டாயப் பாடம். அது நல்லதுதான், பிழைக்கும் ஊரின் மொழி தெரிய வேண்டும். ஆனால் யோசனை ஓடுவது தாய்மொழியில். முத்து அண்ணாமலை என்ற பொறியாளர் உருவாக்கிய எழில் என்ற கம்ப்யூட்டர் மொழியில் 'பதிப்பி', 'முடி' என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம். அதை வைத்து உத்தியோகம் கிடைக்காது, உண்மை. எட்டு வயதில் உத்தியோகம் எதற்கு?

"இனிமேல் செயற்கை அறிவே புரோகிராம் எழுதிவிடுமே, பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு. கால்குலேட்டர் வந்த பிறகும் வாய்ப்பாடு தெரியாதவரைத்தான் கடைக்காரர் ஏமாற்றுகிறார். மெஷின் எழுதியது சரியா தப்பா என்று பார்க்கத் தெரிந்தவருக்கே அது வேலைக்காரன்.

1862இல் செகந்திராபாத்தில் சோமசுந்தரம் முதலியார் முயற்சியால் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. இன்றைய மஹபூப் கல்லூரி அதுதான். 1893இல் விவேகானந்தர் அமெரிக்கா போகுமுன் பேசிய இடம். அன்றைக்கு ஆங்கிலப் படிப்பு புது வித்தை. யாரும் தன் பிள்ளைக்கு மட்டும் டியூஷன் வைத்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடவில்லை. இரட்டை நகரங்களில் இன்று எத்தனையோ தமிழ் அமைப்புகள் உள்ளன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அதோடு, ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர்களும் வங்கிக்காரர்களும் ஐ.டி. இளைஞர்களும் நிறைந்த இந்தச் சமூகம், சம்பளம் கொடுத்து ஒரே ஒரு ஆசிரியரை அமர்த்தி, சனி, ஞாயிறு வகுப்பு நடத்த முடியாதா? பழைய லேப்டாப் நாலு போதும். தமிழ்ப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை என்று பார்க்காமல் யார் வந்தாலும் உட்கார வைக்கலாம். நிறுத்திய தமிழ் வகுப்பையும் அதே கூரையின் கீழ் மறுபடி தொடங்கலாம்.

அதுவரை, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்காக யாரும் கடன் வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டாம். கூட்டலும் கழித்தலும் கோலமும் சதுரங்கமும் அந்த வயதுக்குப் போதும். பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர், ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அடல் கூடமோ கம்ப்யூட்டர் அறையோ இருந்தால், வாரத்தில் எத்தனை மணி நேரம் அது திறந்திருக்கிறது? சாவி யார் கையில்? அந்த ஆசிரியருக்கு வேறு எத்தனை வகுப்புகள்? பதிலை எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியை மாவட்டக் கல்வி அதிகாரிக்கு அனுப்பி வைக்கலாம்.