வாகனத்துள் ஒரு கட்டில்

தூரப் பயணம் போகும் வியாபாரிகளும் குடும்பங்களும் ஜீப்பின் பின் ஆசனத்தைக் கழற்றி, மேலே படுக்கவும் கீழே சாமான் வைக்கவும் பலகைத் தட்டு அடிக்கிறார்கள். மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைய இருப்பதால் வேண்டியதைத் தேடி எடுப்பதும் இலகு. நல்ல ஏற்பாடுதான். உடம்புக்கும் நம்மீது உரிமை உண்டென்று கற்பித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். தூக்கக் கண்ணோடு வாகனம் ஓட்டுவது அந்த உரிமையைப் பறிப்பதாகும்.

எட்டடிக்கு நாலடியான 18 மில்லிமீற்றர் பிளைவூட் ஒன்றே ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். 12 மில்லிமீற்றர் பலகைக்குக் குறுக்குச் சட்டம் கொடுத்தால் பாரம் குறையும். தண்ணீர்க் கலனும் ஆயுதப் பெட்டியும் கீழேயே இருக்கட்டும். மேலே பாரம் கூடினால் வளைவில் ஜீப் புரளும். தட்டை வாகனத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். இல்லாவிட்டால் சடுதியாக பிரேக் பிடிக்கையில் முன்னால் இருப்பவரின் முதுகில் வந்து மோதும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது? ஓடும் வாகனத்தில் பிள்ளைகளைத் தட்டில் படுக்கவும் விடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்து, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடித் தூங்குவது. புகையோடு வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உள்ளே புகுந்தால், தூங்கியவர் எழும்பாமலே போய்விடலாம். எஞ்சினை நிறுத்துங்கள், கண்ணாடியைச் சற்றே இறக்கி வலை கட்டுங்கள். இரவில் தங்குவோர் பாதையை விட்டு விலகித் தங்குவது நபிவழி.

தட்டின்மேல் நிமிர்ந்து நிற்க முடியாது. ஆகவே பர்ளான தொழுகையை இறங்கித் தரையில் தொழுங்கள். முஸல்லாவுக்கும் வுழூத் தண்ணீருக்கும் கையெட்டும் இடத்தில் ஓர் அறை ஒதுக்குங்கள். வீட்டில் உம்மாவும் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள், உயிர் அமானிதம்.