விசா ஆசையில் பொய் பேப்பரா? பெற்றோரே, உஷார்!

திருவானைக்காவலில் டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் நிலையம், தில்லை நகர் என்று ஒரு சுற்று வந்தால் போதும். "லண்டனில் படிக்கலாம்", "கனடா போகலாம்", "விசா நூற்றுக்கு நூறு கேரண்டி" என்ற ரகத்தில் போர்டுகள் கண்ணைப் பறிக்கின்றன.

படிக்கப் போவது தப்பில்லை. போகட்டும், நன்றாகப் போகட்டும்! ஆனால் "கேரண்டி" என்கிற அந்த ஒரு வார்த்தையில்தான் வில்லங்கமே இருக்கிறது.

விசா கொடுப்பது யார்? அந்தந்த நாட்டு அரசாங்கம். அமெரிக்கா என்றால், மலைக்கோட்டை எக்ஸ்பிரசில் ராத்திரி ஏறி, சென்னை ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி, சில நிமிஷத்தில் கேள்வி கேட்டு முடித்து விடுவார். முடிவு அவர் கையில். இதில் ஏஜெண்டு எப்படி கேரண்டி கொடுக்க முடியும்?

வீட்டுப் பத்திரம் போகிறது

செலவைப் பாருங்கள். அமெரிக்க மாணவர் விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். நம் பணத்தில் 45 ஆயிரம் ரூபாய்க்கு மேல். விசா இல்லை என்று சொல்லி விட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது. ஆஸ்திரேலியா 2025 ஜூலையில் கட்டணத்தை 2,000 ஆஸ்திரேலிய டாலராக ஏற்றி விட்டது. ஜெர்மனியில் கட்டணம் குறைவு. ஆனால் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்கு 11,904 யூரோ பாங்கியில் போட்டு முடக்கிக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் கணக்கு.

கடைக் கணக்குப்பிள்ளையும் பலசரக்குக் கடைக்காரரும் இவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்? கல்விக் கடன் 7½ லட்சத்தைத் தாண்டினால், பாங்கியில் பெரும்பாலும் ஈடு கேட்கிறார்கள். பீரோவில் இருந்த வீட்டுப் பத்திரம் பாங்கிக்குப் போகிறது. விசா கிடைக்காவிட்டால் என்ன ஆவது என்ற பயம் அன்று முதல் வீட்டில் குடியேறி விடுகிறது. அந்தப் பயத்தைத்தான் மோசடி ஏஜெண்டு முதலாக்குகிறான்.

"சார், கணக்கில் பணம் இல்லையா? கவலையே படாதீங்க. நாங்க காட்டிக்கிறோம்!"

இரவல் பணம், ஜோடித்த பாங்கி சர்டிபிகேட், இல்லாத வேலைக்கு அனுபவச் சான்று. இங்கேதான் பையன் தலையில் கல் விழுகிறது. பிரிட்டனுக்குப் பணம் காட்டுவதென்றால், அது தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். இன்று போட்டு நாளை எடுக்கிற வித்தை செல்லாது.

மறுப்பு வேறு, மோசடி வேறு

பெற்றோர் முக்கியமாகத் தெரிந்து கொள்ள வேண்டிய சங்கதி இது. உண்மையைச் சொல்லியும் அமெரிக்க அதிகாரி திருப்தி அடையவில்லை என்றால், 214-பி என்ற பிரிவைச் சொல்லி மறுப்பார். அது குற்றம் அல்ல; மறுபடியும் விண்ணப்பிக்கலாம். 12 மாதத்துக்குள் அதே வகை விசா கேட்டால் 350 டாலரை மறுபடி கட்ட வேண்டியது இல்லை.

ஆனால் பொய் பேப்பர் என்று தெரிந்து விட்டால் கதையே வேறு. அமெரிக்கச் சட்டப்படி அது ஆயுள் முழுவதும் தொடரக் கூடிய தடை. பிரிட்டனில் 10 ஆண்டு வரை கதவு மூடும். "ஏஜெண்டு எழுதினார், எனக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடுவது கஷ்டம். கையெழுத்து பையனுடையது அல்லவா?

பஞ்சாப் மாணவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. ஜலந்தர் ஏஜெண்டு ஒருவன் கொடுத்த காலேஜ் அனுமதிக் கடிதங்களோடு கனடா போனார்கள். படித்தார்கள், வேலையும் பார்த்தார்கள். பிறகு நிரந்தரக் குடியுரிமை கேட்டபோதுதான் கடிதங்கள் போலி என்று தெரிந்தது! 2023-ல் நாடு கடத்தும் நோட்டீசு வந்து தெருவில் நின்று போராடினார்கள். ஏஜெண்டு கனடாவில் சிக்கினான். 2024-ல் 3 ஆண்டு ஜெயில். மாணவர்கள் இழந்த வருஷங்களை யார் கொடுப்பது?

அமெரிக்காவில் இன்னொரு கூத்து. மிச்சிகன் மாநிலத்தில் பார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று. வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது. மோசடியைப் பிடிக்க அந்நாட்டு அரசாங்கமே விரித்த வலை! 2019 ஜனவரியில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள்.

ராமன் பிறந்த ஊர்

வெளிநாடு போக முடியாவிட்டால் வாழ்க்கையே போச்சு என்று நினைக்கும் பிள்ளைகளுக்குத் திருவானைக்காவலே பதில் சொல்லும். சர் சி.வி. ராமன் 1888-ல் பிறந்தது இந்த ஊரில்தான். ஐ.சி.எஸ். பரீட்சைக்கு இங்கிலாந்து போகலாம் என்றபோது, சீமைக் குளிர் இந்த உடம்புக்குத் தாங்காது என்று டாக்டர் தடுத்து விட்டார். இங்கேயே படித்தார், கல்கத்தாவில் வேலை பார்த்தார், 1930-ல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் அதே 1930-ல் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போனார். 1983-ல் அவருக்கும் நோபல்! போனவரும் ஜெயித்தார், போகாதவரும் ஜெயித்தார். இரண்டு பேருக்கும் கைகொடுத்தது படிப்புதான்.

அரசு செய்ய வேண்டியது

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு, 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும். படிக்க அனுப்புகிறவருக்கு அந்தக் கடிவாளம் இல்லை. பஞ்சாபில் 2012-ம் ஆண்டுச் சட்டப்படி இவர்களுக்கும் லைசென்சு உண்டு. தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு கட்டுப்பாடு வரட்டும். வாங்கும் பணத்துக்கு ரசீது, லைசென்சு நம்பர் இல்லாத கடைக்குப் பூட்டு என்று இருந்தால்தான் பயம் வரும்.

இன்னொன்று. அமெரிக்கப் படிப்புக்கு யு.எஸ்.ஐ.இ.எப்., ஜெர்மனிக்கு டி.ஏ.ஏ.டி. என்று நேர்மையாக விவரம் சொல்லும் இடங்கள் சென்னையில் இருக்கின்றன. திருச்சியிலும் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, விஷயம் தெரிந்த ஒரு அதிகாரி போட்டால் என்ன? பாதி ஏஜெண்டுகளுக்கு வேலை இருக்காது.

அதுவரை பெற்றோர் ஒன்று செய்யலாம். விண்ணப்பத்தைப் பையனே எழுதட்டும். காலேஜ் கடிதம் வந்தால், காலேஜுக்கே நேரில் எழுதிச் சரிபார்க்கட்டும். உண்மையைச் சொல்லி விசா கிடைக்காமல் போனால் ஒரு வருஷம் நஷ்டம். பொய் சொல்லிக் கிடைத்தால் என்றைக்குக் கதவு தட்டப்படும் என்று தெரியாமலே காலம் தள்ள வேண்டும்!