பிரெஞ்சு எடுக்கலாமா?



இராயபுரத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருக்கும் தம் மகளைத் தனியார் மேனிலைப் பள்ளி ஒன்றில் சேர்க்க விரும்புகிறார். அப்பள்ளியின் அறிக்கையில் 'ஆங்கிலம் - பிரெஞ்சு இருமொழித் திட்டம்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்களாம். தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தால் நூற்றுக்கு நூறு கிடைக்கும் என்றும் சொல்கிறார்களாம். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் பணிபுரியும் கணவருக்கு இதில் சம்மதம். மாமனாருக்குத் துளியும் மனமில்லை. "பேத்தி எனக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவது இதோடு நின்றுவிடும்" என்று வருந்துகிறாராம். இடையில் நின்று தவிக்கும் சகோதரி, நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் இதே கேள்வி முன்பே வந்திருப்பதால், இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இருமொழிக் கல்வி என்றால், இரண்டு மொழிகளில் பாடங்களைக் கற்பது. கனடாவில் கியூபெக் மாநிலத்தின் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965இல் ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் முயன்று ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள். அவர்களுடைய மழலையர் முதல் நாள் தொட்டே பிரெஞ்சு மொழியில் பயின்றார்கள். அவர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியல் பேராசிரியர், தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பில் சற்றுப் பின்தங்கினாலும் பின்னர் அக்குறை நீங்கிவிட்டது என்று கண்டார். இன்று கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் தம் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடிய பிரெஞ்சு வகுப்புகள் இந்த வித்திலிருந்து முளைத்தவை. நம் பக்கத்திலேயே புதுச்சேரியில் 1826இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுப் பள்ளி இருக்கிறது. கணிதம், வரலாறு உட்பட அங்கே பாடம் நடப்பது பிரெஞ்சில்.

தமிழ்நாட்டு மேனிலை வகுப்பில் நடப்பது அதுவன்று. பகுதி ஒன்று ஒரு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று நான்கு பாடங்கள். ஆக ஆறு தாள்கள், 600 மதிப்பெண். பகுதி ஒன்றில் தமிழ், உருது, அரபி, இந்தி, பிரெஞ்சு எனப் பல மொழிகளுள் ஒன்றை எடுக்கலாம். பிரெஞ்சை எடுக்கும் பிள்ளை இயற்பியலையும் கணக்கியலையும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறது. ஆறில் ஒரு தாள் பிரெஞ்சு என்பதற்காக அதை இருமொழித் திட்டம் என்று அழைப்பது, பிரியாணியில் போட்ட கிராம்பைப் பார்த்து அதைக் கிராம்புச் சோறு என்பது போன்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனவே மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுள் மிகப்பெரும்பாலோர் பத்தாம் வகுப்பு வரை தமிழ்தான் படித்து வருகிறார்கள். பதினோராம் வகுப்பில் பிரெஞ்சு எடுப்பவர் எழுத்துக்கூட்டும் நிலையிலிருந்து தொடங்குகிறார். இரண்டே ஆண்டுகளில் அவர் 95க்கு மேல் வாங்குகிறார் என்றால், தேர்வு தொடக்க நிலையில் இருக்கிறது என்பதே அதன் பொருள். பத்தாண்டுகளுக்கு மேல் தமிழ் படித்த பிள்ளையோ செய்யுளும் இலக்கணமும் நிறைந்த தாளில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் போராடுகிறது. மதிப்பெண்ணுக்காக மொழி மாறும் வழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. மாநிலத் தரவரிசை வெளியிடப்பட்ட காலத்தில் தமிழை முதன்மொழியாக எடுத்தவர்களுக்கே முதலிடங்கள் அளிக்கப்பட்டன. பிறமொழி எடுத்தவர்களின் பட்டியல் தனியாக வந்தது. 2017 முதல் தரவரிசை வெளியிடும் வழக்கமே நின்றுவிட்டது.

சரி, அந்த நூறு மதிப்பெண் எதற்குப் பயன்படும்? பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடுகிறார்கள். மொழித்தாள் அதில் இல்லை. மருத்துவத்துக்கு நீட் தேர்வு. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளிலும் மொழி இலக்கியப் படிப்புகள் நீங்கலாகப் பகுதி மூன்றின் 400 மதிப்பெண்தான் தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. எஞ்சுவது 600க்கு இத்தனை என்று உறவினரிடம் சொல்லிக்கொள்ளும் பெருமையும், பள்ளியின் வாசலில் கட்டும் பதாகையும். பதாகை பள்ளிக்கு மிகவும் தேவை என்பதை நான் மறுக்கவில்லை.

மறுபக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கி 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. அதில் 40 விழுக்காடு பெறாதவரின் ஏனைய விடைத்தாள்கள் மதிப்பிடப்படுவதில்லை. பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைந்த தாள் என்பதால் பிரெஞ்சு எடுத்தவருக்குக் கதவு அடைபட்டுவிட்டது என்று அச்சுறுத்த மாட்டேன். ஆயினும் மேனிலையிலும் கல்லூரியிலும் ஐந்தாண்டுகள் தமிழில் ஒரு பத்திகூட எழுதாத கை, தேர்வறையில் திடீரென்று ஓடாது. நம் பெண்மக்கள் பலர் பட்டம் பெற்றபின் வீட்டிலிருந்தபடியே அரசுப் பணிக்குப் படிக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் பிரெஞ்சு வேண்டாத மொழியா? ஒருபோதும் இல்லை. செனகல், மாலி, அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா என முஸ்லிம்கள் வாழும் எத்தனையோ நாடுகளில் அலுவலகத்திலும் கல்லூரியிலும் அம்மொழி புழங்குகிறது. நம் முன்னோர்களுக்கும் அது அந்நியமன்று. காரைக்கால், நாகூர்ப் பகுதிகளிலிருந்து பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்குச் சென்று வணிகம் செய்தவர்கள் நம்மவர்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கிறது. கடைக்கும் கப்பலுக்கும் வேண்டிய மொழிகளையெல்லாம் கற்ற அத்தலைமுறை, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழையும் விடாமல் வைத்திருந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் டிரெய்லர்களில் சி.எம்.ஏ. சி.ஜி.எம். என்ற எழுத்துகளைச் சகோதரியின் கணவர் நாள்தோறும் பார்த்திருப்பார். மார்செய் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கப்பல் நிறுவனம் அது. கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய்க்கண்டிகையில் மிஷலின் டயர்த் தொழிற்சாலை, ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை, ஒரகடத்தில் ரெனோ கார்த் தொழிற்சாலை எனப் பிரெஞ்சு நிறுவனங்கள் நம்மைச் சுற்றியிருக்கின்றன. கனடாவும் 2023 முதல் பிரெஞ்சு அறிந்தோரைக் குடியேற்றத்தில் தனிப் பிரிவாக அழைக்கிறது. கணவரின் விருப்பம் வீணான கனவன்று.

ஆனால் இவற்றுக்கெல்லாம் கேட்கப்படுவது பேச்சும் எழுத்தும் கைவந்த பிரெஞ்சு. ஐரோப்பியத் தர அளவில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள் உண்டு. பிரான்சில் அம்மொழியிலேயே பட்டம் படிக்கப் பொதுவாகப் பி2 கேட்பார்கள். அதை எட்டச் சுமார் 500 முதல் 600 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது பொதுக்கணக்கு. வாரத்துக்கு 45 நிமிடத்தில் ஐந்து பாடவேளை, ஆண்டுக்கு 35 வாரம் என்று தாராளமாக வைத்தாலும், மேனிலையின் இரண்டு ஆண்டுகளில் கிடைப்பது சுமார் 260 மணி. அதுவும் தேர்வை நோக்கிய மனப்பாடத்தில் கழியும். ஓதத் தெரிவது வேறு, பொருள் விளங்குவது வேறு என்பதை நம் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே சகோதரிக்கு என் யோசனை இது. மகள் பகுதி ஒன்றில் தமிழையே எடுக்கட்டும். பிரெஞ்சில் உண்மையான நாட்டமிருந்தால் அதை வெளியே கற்கட்டும். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. 1953 முதல் சென்னையில் பிரெஞ்சு கற்பித்து வருகிறது. 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் ஏறினால் ஆயிரம் விளக்கில் இறங்கிச் சிறிது தூரம் சென்றால் போதும். டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் தலா 25 மதிப்பெண். 50 பெற்றால் தேர்ச்சி, ஆனால் எதிலும் ஐந்துக்குக் குறையக்கூடாது. அச்சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. கட்டணம் எளியதன்று, மேனிலை முடிந்த விடுமுறையில் தொடங்கினாலும் தாமதமில்லை. செயின்ட் லாம்பர்ட் பெற்றோர்கள் செய்ததும் இதுவே. தம் மொழியைக் கொடுத்துவிட்டு அவர்கள் பிரெஞ்சை வாங்கவில்லை, இருந்ததோடு சேர்த்துக்கொண்டார்கள்.

உருதுவை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் இதில் சற்று வேறுபடுகின்றன. பள்ளியில் உருது ஆசிரியர் இருந்து, பிள்ளைக்கு எழுதப் படிக்கவும் வருமானால் பகுதி ஒன்றில் அதை எடுப்பது நியாயமே. ஆசிரியர் இல்லாத பள்ளியில் உருதுவுக்கு மாற்றாகப் பிரெஞ்சை நீட்டினால், அங்கே தமிழே பிள்ளைக்குத் துணை.

எல்லாம் கேட்டபின்னும் அந்தப் பள்ளிதான் என்று வீட்டில் முடிவானால், விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் தலைமையாசிரியரிடம் மூன்றைக் கேளுங்கள்: பிரெஞ்சு ஆசிரியர் முழுநேரப் பணியாளரா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, பிள்ளைகளை வகுப்பில் பேச வைக்கிறார்களா. தமிழ் எடுக்க விரும்பும் மாணவிக்கு அங்கே தமிழ் வகுப்பு உண்டா என்பதையும் கேட்டு, பதிலை எனக்கு எழுதுங்கள்.