நீலக் கவசத்துக்கு வழி

ராத்தாவின் மகன் ஏ/எல் எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிறான். போன கிழமை லெப்டொப்பில் டூம் எடர்னல் விளையாடிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுட வாப்பாவோடயே நான் விளையாடியிருக்கேன்டா" என்றேன்.

"அந்தப் பழைய கேம்ல மேல பாக்கக்கூட ஏலாதாமே மாமா" என்று சிரித்தான்.

உண்மைதான். 1993 டிசம்பரில் வந்த முதல் டூமில் மேலே கீழே பார்க்க முடியாது, பாயவும் முடியாது. பேய்கள் கிட்ட வந்தால் வெறும் சதுரக் கட்டங்கள்.

பழசெல்லாம் திறம், புதுசெல்லாம் குப்பை என்று சொல்ல வரவில்லை. 2004இல் வந்த டூம் 3இல் டோர்ச்சைப் பிடித்தால் துவக்கைப் பிடிக்க முடியாது. இருட்டில் பயந்து பயந்து நடக்க வேண்டும். படம் அழகு, ஆனால் அது டூம் இல்லை. 2016இல் வந்தது அந்தப் பிழையைத் திருத்தியது. அந்தக் காலத்துத் துவக்கு விளையாட்டுகள் பலதில் அடிபட்டால் சுவருக்குப் பின்னால் ஒளிந்து கொஞ்சம் பொறுத்தால் போதும், உயிர் தானாக ஏறிவிடும். 2016 டூம் ஒளிய விடவில்லை. உயிர் வேண்டுமென்றால் எதிரியிடம் போ என்றது. பழைய வேகம் திரும்பி வந்தது. அதற்கு முழுப் புள்ளியும் கொடுக்கிறேன்.

ஆனால் ஒன்று திரும்பி வரவில்லை.

பழைய டூம் ஒரு புதிர்க்கோட்டை. நீலம், மஞ்சள், சிவப்பு என்று சாவிகள். எந்தச் சாவி எங்கே என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நீங்களே அலைந்து, வந்த வழியே திரும்பி, சந்தேகமான சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். சுடுவதா, ஓடுவதா, இரண்டு பேய்களை ஒன்றோடொன்று மோதவிட்டு ஒதுங்கி நிற்பதா என்பதும் உங்கள் முடிவு.

புதியதில் எங்கே போக வேண்டும் என்று திரையே குறி காட்டுகிறது. மண்டபத்துக்குள் போனால் கதவு பூட்டும். எல்லாரையும் முடித்தால் திறக்கும். எடர்னலில் இன்னும் மோசம். தோட்டா வேண்டுமா, மரம் அரியும் வாளை எடு. கவசம் வேண்டுமா, நெருப்பு வை. உயிர் வேண்டுமா, கையால் கொல். மறோடர் என்ற எதிரியின் கண் பச்சையாக மின்னும்போதுதான் அடிக்கலாம். விடை ஒன்றுதான். அதை எவ்வளவு வேகமாக எழுதுகிறீர்கள் என்பதுதான் பரீட்சை.

வாத்தி என்பதால் இது எனக்குச் சுடுகிறது. நாங்களும் வகுப்பில் இதைத்தானே செய்கிறோம்? பாஸ்ட் பேப்பர், மாதிரி விடை, எந்தக் கேள்வி வரும் என்ற குறி. பிள்ளை வேகமாக ஓடுகிறது. குறி இல்லாத இடத்தில் நின்றுவிடுகிறது.

சரி, பார்ப்போம் என்று பழைய டூமைப் போட்டுக் கொடுத்தேன். முதல் கட்டத்தின் முதல் அறை ஜன்னலால் பார்த்தால் வெளியே ஒரு நீலக் கவசம் தெரியும். போக வழி தெரியாது. பத்து நிமிடத்தில் சத்தம் வந்தது: "மாமா, எங்கால போறது? ஒண்டுமே காட்டுதில்லையே!" நான் பதில் சொல்லவில்லை. தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

அரை மணித்தியாலம் கழித்துக் குசினி வாசலில் வந்து நின்றான். "சுவர் மாதிரி இருந்தது கதவு மாமா! கவசத்த எடுத்துட்டேன்!"

எடர்னலில் எத்தனையோ பெரிய அரக்கர்களை வீழ்த்தியவன். அதை ஒருநாளும் என்னிடம் ஓடிவந்து சொன்னதில்லை.

துவக்கு விளையாட்டைப் புகழ்கிறாரே சேர் என்று யாராவது கேட்பீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதை நான் சிபாரிசு செய்யவில்லை. 17 வயதுக்கு மேல் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். நான் சொல்வது வழி தவறும் உரிமையைப் பற்றி. 2016 டூமைச் செய்தவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நெம்புகோலை ஒளித்து, அதை இழுத்தால் 90களின் பழைய டூம் வரைபடத்தில் ஒரு துண்டு திறக்கும்படி வைத்தார்கள். ஏக்கம் இருந்திருக்கிறது. ஆனால் அதை ஒரு மூலைக்குள் பூட்டிவிட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கடைசியாக எதைத் தானாகத் தேடிக் கண்டுபிடித்து உங்களிடம் ஓடிவந்து சொன்னது? கமெண்டில் எழுதுங்கள்.